வெடித்த ரோல்ஸ்

போன கிழமை சுகன்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய படம். ஈபிள் கோபுரத்தின் காலடியில் நின்று, ஒரு கையால் தலைமயிரைக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டு சிரிக்கிறாள். கீழே, 'எவ்வளவு நல்ல நாள் இல்ல?' என்று எழுதி ஒரு இதயத்தையும் ஒட்டியிருந்தாள்.

நல்ல நாள்தான், அவளுக்கு. நான் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் போட்டிருக்கும் சிவப்புக் கோட் என்னுடையது. கழுத்தில் சுற்றியிருக்கும் மஞ்சள் சால்வை என் ஆசையம்மாவுடையது. பக்கத்தில் பாதி முகமாகத் தெரிவது ஆசையம்மாவின் மகள் மெலனி, எனக்குத் தங்கச்சி முறை. ஆக, அந்தப் படத்தில் இருக்கிற எல்லாமே என்னுடையவை. நான்தான் இல்லை.

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? பரிஸ் புறநகரான லா கூர்னெவில் ஒரு தொடர்மாடியின் ஏழாம் மாடிக் குசினியில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ விஷயம் மறந்துவிட்டது. படித்த பாடத்தில் பாதி மறந்துவிட்டது. இந்தப் பொறாமை மட்டும் குளிர்பெட்டியில் வைத்த கறி மாதிரி, எடுத்துச் சூடாக்கினால் அதே ருசியோடு இருக்கிறது.

அப்போது ஜேர்மனியில் ஆகன் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர் விடுதியில் எனக்கு அடுத்த அறை சுகன்யா. கோயம்புத்தூர்க்காரி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவாள். பஸ் ஓட்டுநரிடம் ஜேர்மன் மொழியில் பேசும்போதுகூட அந்த 'ங்க' எங்கோ ஒளிந்திருப்பது போல எனக்குக் கேட்கும். நல்ல பிள்ளை. அதுதான் பிறகு பிரச்சினையாகப் போனது.

விடுதிச் சமையலறையில் இருவரும் பருப்பும் சோறும் ஆக்கிக்கொண்டிருக்கும்போது நான் அவளுக்கு ஆசையம்மாவைப் பற்றிச் சொல்லுவேன். ஆசையம்மா என்றால் என் அம்மாவின் கடைசித் தங்கை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் ஊரான இளவாலையில் எனக்குத் தலை பின்னிவிட்டதும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சப்பாத்துத் துடைத்துப் போட்டுவிட்டதும் அவதான். நான் முதலாம் வகுப்பு முடிப்பதற்குள் பிரான்சுக்குப் போய்விட்டா. அதற்குப் பிறகு குரல்தான். மாதத்தில் ஒரு தடவை தொலைபேசியில், 'என்ரை குஞ்சு என்ன செய்யுது' என்று கேட்கிற குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் பெரிய மாளிகையே கட்டியிருந்தேன். "ஆசையம்மா வீட்டை போனால் என்னைத் தரையிலை நடக்க விடமாட்டா" என்று சுகன்யாவிடம் சொன்னேன். அவளுக்கு என் பேச்சு முழுதாகப் புரியாவிட்டாலும், "குடுத்து வச்சவ நீ" என்றாள். அந்தச் சொல் எனக்கு நல்ல இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

கடைசியில் ஒரு வாரவிடுமுறைக்கு இரண்டு பேருமாக பரிஸ் போவது என்று முடிவாயிற்று. மலிவு பஸ். வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு திரும்புவது. வழியெல்லாம் சுகன்யா பார்க்கவேண்டிய இடங்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் யன்னலோரம் இருந்து, ஆசையம்மா என்னைக் கண்டதும் அழுவாவா, அழுதால் நானும் அழவேண்டுமா, சுகன்யா முன்னால் அழுவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆசையம்மா அழவில்லை. கதவைத் திறந்தா. என்னை மேலும் கீழும் பார்த்தா. "எடியே, இவ்வளவு மெலிஞ்சு போனாய்" என்றா. கன்னத்தில் ஒரு கொஞ்சல், அதுவும் அரைகுறை, ஏனென்றால் கை முழுக்கக் கோதுமை மா. பிறகு எனக்குப் பின்னால் நின்றவளைக் கண்டா. முகம் மலர்ந்துபோயிற்று. "வாங்கோ பிள்ளை, வாங்கோ. உள்ளை வந்து இருங்கோ. களைச்சுப்போய் வந்திருப்பியள்."

"பரவால்லைங்க ஆன்ட்டி" என்றாள் சுகன்யா.

அந்த ஒரு 'ங்க' போதும். ஆசையம்மா அந்த இடத்திலேயே விழுந்துவிட்டா. "என்ன வடிவாக் கதைக்குது பாரன், நாடகத்திலை கதைக்கிற மாதிரி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "நீ ஏன்டி வாசலிலை நிக்கிறாய், கையைக் கழுவிக்கொண்டு குசினிக்கு வா" என்றா.

விருந்தறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் தங்கக்கரை போட்ட கோப்பைகளும் சோசர்களும். பரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பெலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் இருக்கும் ஒரு கடையில் சீட்டு முடிந்த காசில் வாங்கியவை என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறா. அன்றைக்கு அந்த அலுமாரி திறந்தது. தங்கக்கரைக் கோப்பையில் தேத்தண்ணி சுகன்யாவுக்குப் போயிற்று. எனக்கு, வாய் உடைந்த ஒரு நீலக் குவளை. அதில் முன்பு யாரோ குடித்த அடையாளம்கூட இருந்தது என்று இப்போதும் சத்தியம் செய்வேன்.

ஆசையம்மாவின் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கிழமை நாட்களில் விடிய அலுவலகங்கள் துப்பரவு செய்யும் வேலை. சனி ஞாயிறுகளில் வீட்டில் ரோல்ஸ் செய்து லா ஷப்பெல் கடைகளுக்குக் கொடுப்பா. எங்கள் ஆட்களுக்குப் பிறந்தநாள், முதல்நன்மை, சாமத்தியவீடு எது வந்தாலும் ரோல்ஸ் இல்லாமல் முடியாது. மெல்லிசாக மாவை ஊற்றி எடுத்து, உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் போட்ட கறியை நடுவில் வைத்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, ஓரங்களை மாப்பசையால் ஒட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்குத்தூளில் புரட்டி, பொரித்து எடுக்கவேண்டும். சொல்ல எளிது. கறியில் ஈரம் கொஞ்சம் கூடினாலும், ஓரம் சரியாக ஒட்டாவிட்டாலும், எண்ணெய்க்குள் போனவுடன் வயிறு வெடித்துவிடும். கறி வெளியே வந்து எண்ணெயெல்லாம் கறுத்துப் போகும். வெடித்ததைக் கடைக்குக் கொடுக்க முடியாது. அதை ஒரு வடிதட்டில் தனியாகப் போட்டு வைப்பா. அது வீட்டாட்களுக்கு.

அந்த வாரம் பார்த்து ஒரு பெரிய ஓடர். நான் வரப்போகிறேன் என்று முன்பே தெரிந்தும் அந்த ஓடரை எடுத்திருக்கிறா. 'இவள் வாறாள்தானே' என்ற தைரியத்தில் எடுத்திருக்கிறா என்று பிறகுதான் தெரிந்தது. அதை அவவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் மெலனி வெளிக்கிட்டு வந்து நின்றாள். அப்போது அவளுக்குப் பதினேழு இருக்கும். நாங்கள் பேசும் தமிழ் முழுக்க விளங்கும், ஆனால் வாய் பிரெஞ்சில்தான் திறக்கும். சுகன்யாவோடு ஆங்கிலம் பேசிப் பழகலாம் என்று அவளுக்கு ஆசை. "இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டு" என்றா ஆசையம்மா. நானும் கோட்டை எடுத்தேன்.

"நீ எங்கை போறாய்?"

"ஈபிள் பார்க்க."

"அது எங்கை ஓடப்போகுது? அடுத்த முறை வரேக்கை பார். உருளைக்கிழங்கு அவிஞ்சிட்டுது, வந்து தோலை உரி."

சுகன்யா சங்கடப்பட்டாள். "ஆன்ட்டி, நானும் இருந்து ஹெல்ப் பண்றேங்க" என்றாள். ஆசையம்மா பதறிப்போனா. "ஐயோ பிள்ளை, நீங்கள் வந்த இடத்திலை வேலை செய்யிறதே. இவள் எங்கடை பிள்ளைதானே, இவள் செய்வாள்." சொல்லிவிட்டு, வெளியே குளிர் என்று தன் மஞ்சள் சால்வையைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றிவிட்டா. சுகன்யாவின் மெல்லிய கோட்டைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த சிவப்புக் கோட்டையும் வாங்கி அவளிடம் நீட்டினா. "இவளுக்கு இண்டைக்கு வெளியிலை அலுவல் இல்லை."

இப்படித்தான் என் கோட் ஈபிள் கோபுரம் பார்க்கப் போயிற்று.

நான் உருளைக்கிழங்கு உரித்தேன். சூடு விரல் நுனியைச் சுட்டது. மனத்துக்குள், இப்போது ரயிலில் ஏறியிருப்பார்கள், இப்போது இறங்கியிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே மசித்தேன். "உது என்ன மசியல், கட்டி கட்டியாக் கிடக்கு. கொம்மா இதைக்கூடப் பழக்கேல்லையோ?" என்றா ஆசையம்மா. என் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. மாச்சுற்றில் கறி வைத்தால் கூடிவிட்டது என்றா, குறைத்தால் இது என்ன வெறுங்குழாய் என்றா. இடையிடையே ஊர்ப் புதினம். எங்கள் பெரிய மாமாவும் அவவும் சின்ன வயதில் போட்ட சண்டை, தன் கலியாணத்தில் நடந்த குளறுபடி, அவவின் கணவரான சித்தப்பா உணவகத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கிய காலத்தில் கைத்தோல் உரிந்துபோனது, இஞ்சை வந்த புதிதில் பொலிசைக் கண்டாலே தான் தெருவின் மற்றப் பக்கம் மாறிப்போனது என்று எதையெதையோ சொன்னா. ஒருமுறை, எண்ணெயைப் பார்த்தபடியே, "உன்னை விட்டிட்டு வரேக்கை நீ என்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. கையை ஒவ்வொரு விரலாத்தான் எடுத்துவிட்டது" என்றா. நான் அந்த நேரம் சுகன்யா கோபுரத்தின் எத்தனையாம் தட்டில் நிற்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நான் சுருட்டியதில் நாலைந்து தாச்சிக்குள் போனவுடன் வெடித்தன. ஆசையம்மா அவற்றை வடிதட்டில் தட்டினா. சூடு ஆறமுதல் ஒன்றை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினா. "ஆ காட்டு. வெடிச்சதிலைதான் ருசி." நாக்குச் சுட்டுவிட்டது. கண்ணில் தண்ணி வந்தது. சூட்டினால்தான் என்று சொல்லிவைக்கிறேன்.

பிறகு நல்ல ரோல்ஸை இரண்டு பெரிய தட்டுகளில் அடுக்கி, வெள்ளித்தாளால் மூடி, துவாய் சுற்றி, சில்லுப்பையில் வைத்து இழுத்துக்கொண்டு ரயிலில் லா ஷப்பெலுக்குப் போனோம். கோட் இல்லாததால் ஆசையம்மாவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தேன். அது பெரிய சட்டை. அதற்குள் என்னைப் போல இன்னொருத்தி இருக்கலாம். ரயில் முழுக்க ரோல்ஸ் மணம். எதிரே இருந்த ஒரு ஆபிரிக்க மூதாட்டி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. ஆசையம்மாவும் சிரித்தா. நான் யன்னலைப் பார்த்தேன். கோபுரம் ஏதும் தெரியவில்லை. கிடங்குகளும் மதில்களும்தான்.

லா ஷப்பெல் எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. பரிஸ் பார்க்க வந்தவளுக்கு முருங்கைக்காயும் நகைக்கடையும் கைபேசி அட்டை விற்பவரும் எதற்கு? தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ கடகடவென்று போயிற்று. கீழே, 'அண்ணை, பாரைமீன் என்ன விலை' என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ரூ பெர்தொனேக் கடைக்குள் போனதும் முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஆரக்கா இது?"

"எங்கடை அக்காவின்ரை மேள். ஜேர்மனியிலை படிக்கிறாள்."

அவர் எழுந்து வரவேற்பார், ஒரு நெக்டோ சோடாவாவது உடைத்துத் தருவார் என்று எதிர்பார்த்தேன். "அப்பிடியே? இளவாலையே? நல்லது. பிள்ளை, உந்த மரவள்ளிப் பெட்டியை ஒருக்கா உள்ளுக்கை தள்ளிவிடு பாப்பம், ஆக்கள் தடக்குப்படப் போகினம்" என்றார். தள்ளினேன். பிறகு, வந்த ஒரு வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் தேங்காய்ப்பால் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரு தெருவே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது போலிருந்தது. திரும்பும்போது தண்டவாளப் பாலத்தில் சில்லுப்பையை நிறுத்தி, ஆசையம்மா தூரத்தில் குன்றின்மேல் தெரிந்த வெள்ளைக் கோவிலைக் காட்டினா. "இந்தா, பரிஸ் பாத்திட்டாய்" என்றா. அவவுக்கு அது பகிடி.

பின்னேரம் சுகன்யா சிவந்த கன்னங்களோடு திரும்பி வந்தாள். ஆற்றில் படகு, தெருவோரத்தில் சொக்கலேட் பூசிய தோசை மாதிரி ஒன்று, கண்ணாடிப் பிரமிட். எல்லாவற்றையும் ஆசையம்மா ஒரு பிள்ளையின் வாயைப் பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தா. எனக்குச் சொன்ன கலியாணக் குளறுபடி எதையும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தங்கக்கரைப் பீங்கானில் நாலு ரோல்ஸ், நாலும் ஒரே அளவு, ஒரே நிறம், கீழே பூப்போட்ட கடதாசி. எனக்கு வடிதட்டு.

மறுநாள் தமிழ்ப் பூசைக்குப் போனோம். பூசை முடிந்து வாசலில் வந்தவர்களிடமெல்லாம் ஆசையம்மா சுகன்யாவைத்தான் முதலில் காட்டினா. "இவ கோயம்புத்தூரிலை இருந்து வந்தவ, பெரிய படிப்பு." நான் படிப்பதும் அதே படிப்புத்தான். என் பக்கம் நாடியை மட்டும் அசைத்தா. "இது அக்காவின்ரை." இது. நான் ஒரு இது.

புறப்படும்போது சுகன்யாவுக்கு ஒரு பெட்டி, நாடா கட்டியது. உள்ளே நல்ல ரோல்ஸ். மஞ்சள் சால்வையையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டா. எனக்கு ஒரு பழைய ஜாம் போத்தலில் கறித்தூள், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வெடித்த ரோல்ஸ். "போய்ச் சேர்ந்ததும் போன் எடு. எடுக்கேல்லையோ, வந்து அடிப்பன்" என்றா. சுகன்யாவிடம், "திரும்பவும் வாங்கோ பிள்ளை" என்றா.

பஸ் புறப்பட்டது. எல்லை தாண்டும் மட்டும் யன்னலோடு கோபித்துக்கொண்டிருந்தேன். சுகன்யா நாடா கட்டிய பெட்டியை மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன்னோடதுல ஒண்ணு தர்றியா?" என்றாள்.

"உன்ரை பெட்டியிலை நல்லது கிடக்குதே."

"இல்ல, அது வேண்டாம். உன்னோடது குடேன்."

என் கோட், என் சால்வை, என் ஈபிள் கோபுரம், என் ஆசையம்மா. இப்போது இதுவுமா என்றுதான் நினைத்தேன். பையைத் துழாவி இருப்பதில் சின்னதாக, கறி பாதி போயிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

பிறகு ஈபிள் கோபுரத்தை நான் பல தடவை பார்த்துவிட்டேன். வேலை கிடைத்து, கலியாணம் கட்டி, அலுவலக விஷயமாகப் பரிஸ் போகும் ஆளானேன். விடுதியில் அறை எடுத்துத் தங்கி, நேரம் கிடைத்தால் ஆசையம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவேன். போகும்போது முதல்நாளே சொல்லிவிட்டு, கையில் நல்ல இனிப்புப் பெட்டியோடு போவேன். லா கூர்னெவ் தொடர்மாடியை இடித்துவிட்டார்கள். ஆசையம்மா ஆட்கள் வில்லியே லே பெல்லில் சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போய்விட்டார்கள். மெலனி வேறு நகரத்தில். ரூ பெர்தொனேக் கடையில் இப்போது வேறு முதலாளி. என்னை ஆரென்று கேட்காமல், 'என்ன வேணும், மதாம்?' என்று கேட்கிறார்.

சுகன்யாவின் படம் வந்த அன்றைக்கு நான் பரிசில்தான் இருந்தேன். படத்தைப் பார்த்த கையோடு ஆசையம்மாவிடம் போகவேண்டும் என்று தோன்றியது. போன் பண்ணிவிட்டு, ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய் அழைப்புமணியை அடித்தேன். கதவு திறந்ததும் அந்த மணம் வந்தது. எண்ணெய், ரஸ்குத்தூள், ஆட்டிறைச்சி.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்றா ஆசையம்மா. "உள்ளை வந்து இருங்கோ. களைச்சுப்போய் வந்திருப்பியள்."

அதே கண்ணாடி அலுமாரி. அது திறந்தது. தங்கக்கரைக் கோப்பை சோசரோடு வந்தது. பீங்கானில் நாலு ரோல்ஸ் வந்தன, நாலும் ஒரே அளவு. கீழே பூப்போட்ட கடதாசி. என் வேலை எப்படி, அவருக்குச் சுகமோ என்று ஆசையம்மா கதிரை நுனியில் இருந்து கேட்டா. எல்லாவற்றுக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

குசினியில் சித்தப்பாவின் தங்கை மகள் நின்றாள். டிலக்சனா. ஊரிலிருந்து படிக்க வந்து ஆறேழு மாதம்தான். கதவிடுக்கால் அவளைப் பார்த்தேன். பெரிய கம்பளிச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். அது நான் போட்ட அதே சட்டைதான். ஆசையம்மா இருந்த இடத்திலிருந்தே உள்ளே குரல் கொடுத்தா. "எடியே, எண்ணெய் புகையுது, அடுப்பைக் குறை. கொம்மா உனக்கு என்னத்தைத்தான் பழக்கினவவோ."

டிலக்சனா முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுப்பைக் குறைத்தாள். பிறகு நின்ற நிலையில் வடிதட்டிலிருந்து ஒன்றை எடுத்து, சூடு தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி, ஊதி, வாயில் போட்டாள். அவளுக்கு என்மேல் கோபம் இருந்திருக்கவேண்டும். தங்கக்கரைக் கோப்பையை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும்.

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "நானும் வந்து சுருட்டட்டே, ஆசையம்மா?"

"ஐயோ, நீங்கள் இருங்கோ. வந்த இடத்திலை வேலை செய்யிறதே. அவள் செய்வாள்."

திரும்ப இருந்தேன். பீங்கானிலிருந்த ரோல்ஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.

"வெடிச்சது ஒண்டு இருந்தால் தாங்கோவன்" என்றேன்.

ஆசையம்மா சிரித்தா. என் கையை மெதுவாகத் தட்டினா. "சீ. உங்களுக்குப் போய் அதைத் தாறதே."